இழுப்பது வேறு, சுமப்பது வேறு: ஹெவி டியூட்டி பிக்கப் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் ஹெவி டியூட்டி பிக்கப் விளம்பரங்கள் எல்லாம் ஒரே எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன: எத்தனை பவுண்டு இழுக்கும் என்பதை. ஃபோர்டு எஃப்-450 உச்ச அமைப்பில் 40,000 பவுண்டு. செவ்ரோலே சில்வராடோ 3500, ராம் 3500 இரண்டும் 36,000 பவுண்டைத் தொடுகின்றன. இந்த எண்களைப் பார்க்கும் ஒருவர், தன்னிடம் இருப்பது வெறும் 10,000 பவுண்டு டிரெய்லர்தானே, எந்த டிரக் எடுத்தாலும் தாராளமாகப் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவு பல நேரம் தப்பாகப் போகிறது. இழுக்கும் திறன் தீர்வதற்கு வெகு முன்பே டிரக்கின் சுமக்கும் திறன் தீர்ந்துவிடும். மைலேஜிலும் இதே மாதிரி ஒரு பிசகு உண்டு. டீசல் வாங்கினால் எரிபொருள் மிச்சத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பேப்பரில் எழுதிப் பார்த்தால் அந்தக் கணக்கு பெரும்பாலும் நிற்பதில்லை.

முதலில் இந்த வண்டிகள் எவை என்று பார்த்துவிடலாம். சாதாரண பிக்கப்புகள் 1500 அல்லது எஃப்-150 என்ற வரிசையில் வரும். அதற்கு மேலே 2500, 3500. ஃபோர்டில் எஃப்-250, எஃப்-350. ஒரு காலத்தில் அரை டன், முக்கால் டன், ஒரு டன் சுமக்கும் வண்டிகள் என்று பிரித்த வழக்கம் பேச்சில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதைய வண்டிகள் அதைவிட எவ்வளவோ அதிகம் சுமக்கும். இந்தப் பிரிவில் புது வண்டி விற்பவர்கள் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் ஆகிய மூவர்தான். ஜெனரல் மோட்டார்ஸின் வண்டி செவ்ரோலே, ஜிஎம்சி என்று இரண்டு பெயர்களில் வரும்.

கடைக்குப் போகிறவர்களைத் திகைக்க வைக்கும் ஒரு விஷயம், இந்த டிரக்குகளின் கண்ணாடியில் மைலேஜ் ஸ்டிக்கரே இருக்காது. வண்டியும் அதன் முழுச் சுமையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டும் பிக்கப்புகளுக்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மைலேஜ் லேபிள் கட்டாயமில்லை. ஆகவே நகரத்தில் இத்தனை, நெடுஞ்சாலையில் இத்தனை என்று ஒப்பிட அதிகாரபூர்வமான எண் கிடையாது. விற்பனையாளர் சொல்வதும், வைத்திருப்பவர்கள் சொல்வதும்தான் கையில் இருக்கும். பெரிய செலவு செய்யும் ஒருவருக்கு இது நியாயமான நிலை இல்லை என்பது என் கருத்து. சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதால் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி சோதித்து, தன் இஷ்டப்படி எண்ணை அறிவித்துக்கொண்டிருந்தது. 2008-இல் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. டொயோட்டா முதலில் ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் சில ஆண்டுகள் தயங்கிவிட்டு வந்து சேர்ந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே, புல்ஹெட் சிட்டியிலிருந்து மலையேறும் 11 மைலுக்குச் சற்று அதிகமான சாலைதான் இந்தத் தரத்தின் அடிப்படை. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில், பின்னால் முழு எடை டிரெய்லர். பின்னச்சில் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். இரட்டைச் சக்கர வண்டிக்கு 35 மைல். வழியில் எதுவும் சூடேறி மக்கர் செய்யக் கூடாது. 12 சதவீத ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் காட்டவும் வேண்டும்.

நல்ல, கடுமையான சோதனை. எஞ்சினும் கியர்பாக்ஸும் குளிரூட்டும் அமைப்பும் தாக்குப்பிடிக்குமா என்பதை அது உள்ளபடி சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும்தான். ஆளுக்கு 150 பவுண்டு. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தளமான பெட்டில் (bed) ஜெனரேட்டர் இல்லை, சைக்கிள் இல்லை, கருவிப்பெட்டி இல்லை. நிஜமான பயணத்தில் இவை எல்லாமே இருக்கும்.

கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் தெரியும். டயர் காற்றழுத்தம் குறித்த அட்டவணைக்கு மேலே, பயணிகளும் சரக்கும் சேர்ந்து எந்நாளும் இத்தனை கிலோ, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோடு. விற்பனைப் புத்தகத்தில் இருப்பது அந்த மாடலில் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. ஸ்டிக்கரில் இருப்பதோ உங்கள் கண்முன் நிற்கும் அந்த ஒரே வண்டிக்கு உரிய அளவு. சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்த எண் குறைந்துகொண்டே போகும். ஒரே மாடலில் அடிப்படை வண்டிக்கும் உயர்ரக வண்டிக்கும் நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம் வருவது சாதாரணம். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம் என்பதால் அதுவும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழியும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு உள்ள ஒரு 2500 டீசல் டிரக், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம். அதன் ஸ்டிக்கரில் 2,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் நான்கு பேர், 600 பவுண்டு. டிரக்கின் பெட்டில் பொருத்தும் ஃபிஃப்த் வீல் கொக்கி, 180. கருவிகள், தண்ணீர், நாற்காலிகள் என்று இன்னொரு 200. ஆக 980 போனது. மீதி 1,220 பவுண்டு.

இனி டிரெய்லர். ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றில் கால் பங்கு வரை, நேராக டிரக்கின் பெட்டில் வந்து உட்காரும். இதை ஆங்கிலத்தில் பின் வெயிட் (pin weight) என்பார்கள். முழுச் சரக்கோடு 10,000 பவுண்டு உள்ள டிரெய்லர் என்றால் குறைந்தது 2,000 பவுண்டு. நம்மிடம் மீதமிருப்பதோ 1,220. இதே டிரக் 15,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரம் சொல்லியிருக்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை. இழுக்கும். சுமக்காது. எஞ்சின் சிரமமே காட்டாமல் ஓடும். பின்பக்க ஸ்பிரிங், அச்சு, டயர், பிரேக் ஆகியவைதான் வரம்பைத் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கும். பிரச்சினை தெரியவருவது திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ, கோடை வெயிலில் டயர் சூடேறும்போதோதான். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் தப்பு நடந்தால் பக்கத்துப் பாதையில் போகிறவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

சாதாரண உருண்டைக் கொக்கியில், அதாவது பம்பருக்குக் கீழே மாட்டும், உள்ளே தங்கும் வசதியுள்ள டிராவல் டிரெய்லரில், நிலைமை கொஞ்சம் இலகு. அங்கே கொக்கியில் இறங்கும் எடை 10 முதல் 15 சதவீதம். இதைக் குறைத்துவிட்டால் பேலோடு மிச்சமாகுமே என்று சரக்கையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் அடுக்குவது ஆபத்து. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால்போல் இரு பக்கமும் ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

அப்படியானால் 3500 வாங்கிவிடலாமா? ஃபிஃப்த் வீல் இழுப்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் ஆம். ஒற்றைச் சக்கர 3500-இல் பேலோடு பலவற்றில் 3,500 முதல் 4,000 பவுண்டு வரை கிடைக்கும். எஞ்சின் அதேதான், நீளமும் அகலமும் ஏறத்தாழ அதேதான், மைலேஜும் சொல்லும்படி மாறாது. விலை வித்தியாசமும், வண்டியின் மொத்த விலையோடு ஒப்பிட்டால், சிறியது. சுமையில்லாமல் ஓடும்போது பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கிப்போடும், அவ்வளவுதான். ராம் மட்டும் இதில் சற்று வேறுபடும்: 2500-இல் பின்னால் காயில் ஸ்பிரிங், 3500-இல் பட்டை ஸ்பிரிங். தினசரி ஓட்டத்தின் சொகுசுக்கு முன்னது, எடைக்குப் பின்னது.

பின்னச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள டியூலி வண்டிகள் பக்கக்காற்றில் அசையாமல் நிற்கும், ஒரு டயர் வெடித்தாலும் சமாளிக்கும். ஆனால் அகலம் எட்டு அடி. கார் கழுவுமிடம், டிரைவ்-த்ரூ, பழைய பார்க்கிங் கட்டடம் எல்லாவற்றிலும் அது இடிக்கும். 15,000 பவுண்டுக்குக் கீழே இழுக்கும் குடும்பத்துக்கு அது வேண்டியதில்லை.

பலர் கவனிக்காத ஒரு விஷயம், உதாரணத்தில் வந்த டிரக்கின் 10,000 பவுண்டு வரம்பு எஞ்சினீயரிங்கால் மட்டும் வந்த எண் இல்லை. தொழிலுக்காக இழுப்பவர்களுக்கு, டிரெய்லரின் வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டி, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த வரம்பு 26,001 பவுண்டை எட்டினால் வணிக ஓட்டுநர் உரிமம் தேவை. 10,000 பவுண்டு டிரக்கும் 14,000 பவுண்டு டிரெய்லரும் சேர்ந்தால் 24,000, தப்பித்துவிடலாம். அதே டிரெய்லரை 14,000 பவுண்டு டியூலியில் மாட்டினால் 28,000, உரிமம் வேண்டும். எடை வரம்பைக் கூட்டிக்கொண்டே போவது எல்லோருக்கும் லாபம் இல்லை. சொந்தப் பயணத்துக்கான டிரெய்லர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் இதில் விலக்கு தருகின்றன என்றாலும், சில மாநிலங்களில் கனத்த டிரெய்லருக்கென்று தனி வகை உரிமம் உண்டு. வாங்குமுன் உங்கள் மாநில விதியைப் பார்த்துவிடுங்கள்.

மைலேஜைத் தீர்மானிப்பது காற்று

சுமையோடு போகும்போது எரிபொருளைத் தின்பது எடைதான் என்று தோன்றும். ஏற்றத்தில் அது உண்மை. சமதளத்தில், நெடுஞ்சாலை வேகத்தில், பெரிய பங்கு காற்றின் எதிர்ப்புக்குத்தான் போகிறது. 10,000 பவுண்டு செங்கல் ஏற்றிய தாழ்ந்த ஃப்ளாட்பெட் டிரெய்லர், 7,000 பவுண்டு எடையுள்ள உயரமான டிராவல் டிரெய்லரைவிடக் குறைவாகக் குடிப்பது இதனால்தான். டிரக்கின் கூரைக்கு மேலே நான்கடி எழும்பி நிற்கும் அந்தச் செங்குத்துச் சுவர் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே வருகிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 65 மைல் வேகத்திலிருந்து 75-க்குப் போனால் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம். எந்த எஞ்சின், எந்த நிறுவனம் என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு 75-இல் ஓட்டுகிறவர், எதையும் யோசிக்காமல் 62-இல் ஓட்டுகிறவரிடம் மைலேஜில் தோற்றுப்போவார். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்டப்படியே 55 மைல்தான். பல டிரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்கு மட்டுமே தகுதி பெற்றவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிதானமாகப் போவதற்கு எரிபொருளைத் தாண்டியும் காரணம் இருக்கிறது.

இனி டீசலா, பெட்ரோலா. டீசலுக்குச் சாதகமான காரணங்கள் உறுதியானவை. ஒரு கேலன் டீசலில் ஒரு கேலன் பெட்ரோலைவிட 10 முதல் 15 சதவீதம் வரை அதிக ஆற்றல் இருக்கிறது. டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் 16 மடங்கு அழுத்துகிறது. இந்த வண்டிகளின் பெட்ரோல் எஞ்சின்கள் 10, 11 மடங்கோடு நிற்கின்றன. சுமை குறைவாக இருக்கும்போது பெட்ரோல் எஞ்சின் தன் மூச்சுக்குழலைத் தானே பாதி மூடிக்கொண்டு ஓடுகிறது; டீசலுக்கு அந்த இழப்பு இல்லை. சுமை ஏறினால் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேலே போய், வெப்பத்தைத் தணிக்கக் கூடுதல் எரிபொருளையும் தெளிக்க வேண்டியிருக்கும். ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 தருவது 485 பவுண்டு-அடி முறுக்குவிசை. அதே வண்டியின் 6.7 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் 1,050. கூடுதல் திறன் வகை 1,200. ஜெனரல் மோட்டார்ஸின் டூராமேக்ஸ் 975, ராமின் கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் எஞ்சின் 2025-இலிருந்து 1,075.

ஆனால் பணக்கணக்கு வேறு. டீசல் எஞ்சினுக்குக் கூடுதல் விலை சுமார் 10,000 டாலர், சில வகைகளில் அதற்கும் மேல். ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் வண்டி, அதில் 4,000 மைல் டிரெய்லரோடு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி இழுக்கும்போது கேலனுக்கு 8 மைல், சும்மா ஓடும்போது 14. டீசல் 11, 18. பெட்ரோல் வண்டிக்கு ஆண்டுக்கு 1,071 கேலன் ஆகும்; டீசலுக்கு 808. பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.80 டாலர் என்று எடுத்தால் செலவு 3,427-க்கு 3,070. மிச்சம் 357 டாலர். புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் யூரியா கரைசல், பெரிய ஆயில் மாற்றம், எரிபொருள் வடிகட்டிகள் என்று அந்த மிச்சமும் கரைந்துவிடும். ஆண்டு முழுக்க இழுத்துக்கொண்டே 20,000 மைல் ஓடினாலும் மிச்சம் 1,100 டாலருக்குச் சற்றுக் குறைவுதான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள். விலை வித்தியாசம் குறைந்தால் டீசலுக்குச் சாதகமாக நகரும், ஆனால் 10,000 டாலரைச் சீக்கிரம் எட்டாது. விற்கும்போது டீசலுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதையும் நியாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கேலனுக்கு எத்தனை மைல் என்று ஒப்பிடுவது நம்மை ஏமாற்றும். 2008-இல் லாரிக், சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். 18-லிருந்து 20-க்கு உயர்வதும் 8-லிருந்து 10-க்கு உயர்வதும் ஒரே மாதிரி தெரியும். 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று போட்டால் முதலாவதில் மிச்சம் அரை கேலனுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டாவதில் இரண்டரை கேலன். ஆகவே உங்கள் மைல்களில் இழுவை எத்தனை என்பதுதான் முக்கியம்.

அப்படியானால் டீசலுக்கு என்னதான் மதிப்பு? மலை. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியில் சுமார் 3 சதவீதத்தை இழக்கிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே பெட்ரோல் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ டீசல் அதை ஈடுகட்டிவிடும். இறங்கும்போதுதான் வித்தியாசம் இன்னும் பெரிது. மொத்தம் 20,000 பவுண்டு எடை 7 சதவீதச் சரிவில் சுமார் 1,400 பவுண்டு விசையோடு வண்டியைக் கீழே தள்ளும், மைல்கணக்கில், விடாமல். டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் டர்போவின் இறக்கைகளை நெருக்கி எஞ்சினையே தடையாக்கிவிடுகிறது. பிரேக் பெடலை எப்போதாவது தொட்டால் போதும். பிரேக் குளிர்ந்தே இருக்கும், அவசரத்துக்கு முழுதாக மிச்சமிருக்கும். பெட்ரோல் வண்டியிலும் கியரைக் குறைத்து இறங்கலாம், ஆனால் அதற்கு அந்த அளவு பிடி கிடையாது. ராக்கி மலையைக் கடந்து ஆண்டுதோறும் போகிறவர்களுக்கு நான் டீசலைத்தான் சொல்வேன். அதற்கான காரணம் இந்த இறக்கம்தான்.

ஒரு டேங்கில் போகும் தூரமும் உண்டு. 34 கேலன் டேங்கில் 8 மைல் மைலேஜ் என்றால் 272 மைல். கடைசிச் சொட்டு வரை யாரும் ஓட்டப்போவதில்லை என்பதால் 220 மைலுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். டிரெய்லரோடு சாதாரண பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து திரும்புவது எவ்வளவு சங்கடம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். டீசலுக்கு, பெரிய லாரிகள் நிறுத்தும் அகலமான பாதையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

தினமும் ஐந்து மைல் ஓட்டி, வருடத்துக்கு நான்கு முறை மட்டும் இழுப்பவருக்கு டீசல் தொல்லைதான். புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட சூடான ஓட்டம் தேவை; குறுகிய ஓட்டங்களில் அது அடைத்துக்கொள்ளும். இந்த மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. தூய காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம். பழைய ராம் டீசல் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2013 முதல் 2019 வரையிலான 2500, 3500 வண்டிகளின் மாசுக் கட்டுப்பாட்டு மென்பொருள் குறித்த வழக்கில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. அந்த வண்டிகளில் திருத்தம் செய்யப்பட்டுவிட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பின்னச்சு விகிதத்தைப் பற்றி, அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைப் பற்றி, நீளமான விவாதங்கள் நடக்கும். 3.31, 3.55, 3.73, 4.10, 4.30 என்று எண் கூடக்கூட இழுவை கூடும், சும்மா ஓடும்போது எஞ்சின் சற்று வேகமாகச் சுழலும். எட்டு, பத்து கியர்கள் வந்துவிட்ட பிறகு இந்த வித்தியாசம் பழைய அளவுக்கு இல்லை. கனமாக இழுக்கிற பெட்ரோல் வண்டிக்கு மட்டும் 4.10-க்குக் குறையாமல் பாருங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரிய லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை உண்டு. கட்டணம் பெரிதில்லை. குடும்பம், தண்ணீர், சரக்கு எல்லாவற்றோடும் ஏறி, முன்னச்சு ஒரு பலகையிலும் பின்னச்சு இன்னொன்றிலும் டிரெய்லரின் அச்சுகள் மூன்றாவதிலும் வரும்படி நிறுத்தினால் மூன்று எடைகளும் சீட்டில் தனித்தனியாக வரும். டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கை மட்டும் இன்னொருமுறை நிறுத்துங்கள். முதல் சீட்டின் முன்னச்சு, பின்னச்சுக் கூட்டலிலிருந்து இரண்டாவது சீட்டின் டிரக் எடையைக் கழித்தால், டிரெய்லர் உங்கள் வண்டியின் மேல் ஏற்றிவைத்த எடை பவுண்டுக் கணக்கில் கிடைக்கும். முதல் சீட்டின் பின்னச்சு எடையைக் கதவோரத்தில் அச்சிட்டிருக்கும் பின்னச்சு வரம்போடும், முன்னும் பின்னும் சேர்ந்த எடையை மொத்த வரம்போடும் வைத்துப் பாருங்கள்.